குன்னத்து வாத்தியார் மகளுக்குத் தைத்த துணி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் வருவது பலகார வாசனை இல்லை, மிஷின் எண்ணெய் வாசனை. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா தையல் மிஷினைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போடுவாள். எல்லா ஓட்டைகளிலும் எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியை வைத்து அரை மணி நேரம் சும்மா ஓட்டுவாள். கறை புதுத் துணியில் பட்டுவிடக் கூடாதே என்பதற்காக. அதற்கப்புறம் டிசம்பர் இருபத்து நாலு சாயங்காலம் வரைக்கும் மிஷின் அந்த இடத்தை விட்டு நகராது. அதைச் சுற்றித்தான் சாப்பிடுவோம், படிப்போம், பாய் விரித்துப் படுப்போம்.

பெரம்பலூரில் ஆம்பிளை டெய்லர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாலைந்து பேர் இருந்தார்கள். பொம்பளைகள் ஜாக்கெட் தைக்க அம்மாவிடம்தான் வருவார்கள். எங்கள் கோயில் ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ், மற்றவர்களுக்குப் பொங்கல். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் அந்த ஒன்றரை மாதமும் வீடு துணிக் குவியலாகக் கிடக்கும். அப்பாவுக்கு மலேரியாவுக்கு மருந்தடிக்கிற வேலை. திங்கட்கிழமை காலையில் சைக்கிளில் குன்னம், பூலாம்பாடி என்று கிளம்பினால் சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, அக்கா, நான்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது, எட்டாவது படித்தேன். அக்காவுக்குப் பதினெட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தாள். அம்மாவின் கைத்தொழில் எனக்குத்தான் வந்தது. ஊக்கு வைப்பது, காஜா எடுப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் நான். அக்காவுக்கு ஊசியில் நூல் கோப்பதே தகராறு. ஆனால் அவளுக்கு வாய் இருந்தது. துணி கேட்டு வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பதையே நாலு நாளைக்கு நாலு விதமாகச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்புவாள். திட்ட வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

அதனால் எங்கள் திட்டமும் அப்படித்தான் இருந்தது. நான் பத்தாவது முடித்ததும் இரண்டு பேரும் திருச்சிக்குப் போய்த் தையல் சர்டிபிகேட் வாங்குவது. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போடுவது. நான் தைப்பேன், அவள் மேஜை போட்டு உட்கார்ந்து அளவு எடுப்பாள், ஆட்களைச் சமாளிப்பாள். பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கடைக்குப் போர்டுகூட வரைந்து வைத்திருந்தாள். 'பெண்களுக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதி, அதன் கீழே ஒரு ஊசி படம். ஊசிக்கு ஓட்டை போட மறந்துவிட்டாள். நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருஷம் நவம்பரில் அக்கா அரியலூருக்குப் போனாள். மாமா அங்கே ரயில்வேயில் இருந்தார். அத்தைக்குக் குழந்தை பிறந்திருந்தது. "ஒரு வாரம் ஒத்தாசையா இருந்துட்டு வரட்டும்" என்று அம்மா சொன்னாள். நானும் வருகிறேன் என்று அழுதேன். பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டி விட்டுவிட்டுப் போனார்கள். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு வாரத்தின் நடுவில் எப்படி லீவு கிடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தவளிடம் குழந்தையைப் பற்றி நூறு கேள்வி கேட்டேன். "நல்லாருக்கு, மாமா மாதிரி" என்றாள். முடி இருக்கிறதா என்று கேட்டதற்கு இருக்கிறது என்றாள். அழுகிறதா என்றதற்கு எல்லாக் குழந்தையும் அழுவத்தானே செய்யும் என்றாள். எதையும் நடித்துக் காட்டித்தான் அவளுக்குப் பேச வரும். இந்தத் தடவை இப்படிப் பட்டும் படாமலும் பதில் சொன்னது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குவியல். புடவை, ஜாக்கெட், பாவாடை, படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாமே வெள்ளை. ஜாக்கெட்டுகளை அம்மா வெட்டி முடித்திருந்தாள்.

"யாருதும்மா இது?"

"குன்னத்துப் பக்கம் ஒரு வாத்தியாரு. அவரு மவ மடத்துக்குப் போவுதாம். சிஸ்டராவப் போவுது."

"அளவு ஜாக்கெட் எங்க?"

"வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீ ஊக்கு வெய்யி. அப்பறம் எல்லாத்துலயும் மூலையில நம்பர் போடணும். நாப்பத்திரெண்டு. சேப்பு நூலு."

மடத்தில் எல்லோருடைய துணியும் வெள்ளையாக இருக்கும், ஒன்றாகத் துவைத்துக் காயப்போடுவார்கள், அதனால் ஆளுக்கு ஒரு நம்பர் என்று அம்மா விளக்கினாள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சங்கிலித் தையலில் நாலையும் இரண்டையும் பொடியாக, ஒரே அளவாகப் போடுவேன். நாலின் முனை கூர்மையாக வர வேண்டும் என்று இரண்டு தடவை பிரித்துப் போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு உருப்படி. தினம் இரண்டு மூன்று என்று அரைப்பரீட்சைக்கு நடுவிலேயே செய்து முடித்தேன்.

நான் தைக்கும்போது அக்கா எதிரில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லுக்கு மாவு உருட்டுவாள். சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் சங்கு மாதிரி வரும். அவளைப் பார்த்தபடி அந்தக் குன்னத்துப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருப்பேன். எப்படி இருப்பாள், கறுப்பா சிவப்பா, ஏன் போகிறாள், யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்றெல்லாம்.

"ஏமாத்துனாத்தான் போவணுமா?" என்றாள் அக்கா.

"பின்ன? சும்மா யாராவது போவாங்களா வூட்ட வுட்டுட்டு? அவளுக்குத் தங்கச்சி இருக்குமாக்கா?"

அக்கா மாவை உருட்டியபடியே இருந்தாள். "இருக்கும்."

"பாவம்க்கா அது."

"ஏன் பாவம்? அதுக்கு அம்மா அப்பா இருக்காங்கல்ல."

"அம்மா அப்பாவும் அக்காவும் ஒண்ணா?" என்றேன்.

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

எங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரே தானில்தான் கிறிஸ்துமஸ் துணி எடுப்பார்கள். அந்த வருஷம் எனக்கு மட்டும் எடுத்தார்கள். ஆரஞ்சுப் பூப் போட்ட பாவாடைத் துணி. "எனக்குப் போன வருஷத்துத் தாவணியே புதுசாத்தான் இருக்கு" என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம். ஒன்றாக உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவதுதானே கிறிஸ்துமஸ். "நீ கஞ்சப் பிசினாறி" என்று திட்டினேன். அவள் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் நன்றாகவே நடந்தது. அப்பா மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்து வேப்பமரத்தில் கட்டினார். குடிலில் புல்லாக வைக்கத் தட்டில் போட்ட கேழ்வரகு விரல் உயரம் முளைத்திருந்தது. காலைப் பூசை முடிந்து வந்ததும் கறிக்குழம்பும் இட்லியும் சாப்பிட்டோம். தட்டுகளில் முறுக்கு, அதிரசம், கல்கல் வைத்து, மேலே துணி மூடி, தெருவில் எல்லா வீட்டுக்கும் அக்காவும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அக்காவை உட்காரச் சொன்னார்கள், கன்னத்தைத் தடவினார்கள். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அந்த அம்மாள் எப்போதும் அப்படித்தான், எதற்கும் அழுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அக்கா தன் கண்ணாடி வளையல் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க." நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி. வாங்கி உடனே இரண்டு கையிலும் அடுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்காவும் அம்மாவும் தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். அப்பா ஒரு வாரம் லீவு போட்டிருந்தார், சைக்கிளைத் துடைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு பாய் சம்சாரம் வந்தார்கள். எங்கள் பலகாரத் தட்டைக் கழுவி, அதில் சர்க்கரை போட்டு எடுத்து வந்திருந்தார்கள். கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு பொருள்.

"அக்கா இல்லியா பாப்பா? சரி, நீயே குடுத்துடு. மடத்துக்குக் கொண்டு போவட்டும்னு கடையில பேரு வெட்டி வாங்கியாந்தேன்."

"யாரு மடத்துக்கு?"

"ஒங்கக்காதான். ரெண்டாந்தேதி பொறப்படுதுன்னு அம்மா சொல்லுச்சே."

காகிதத்தைப் பிரித்தேன். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அக்காவின் பெயர்.

அவர்களுக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "யா அல்லா, ஒனக்குத் தெரியாதா?" என்று வாயில் கை வைத்தார்கள். "தெரியும் மாமி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள அந்த நிமிஷத்தில் அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் பீரோ மேலிருந்த வெள்ளைத் துணி மூட்டையை நாற்காலி போட்டு இறக்கினேன். கிறிஸ்துமஸ் முடிந்து அந்த வாத்தியார் வந்து வாங்கிக்கொண்டு போவார் என்று அம்மா சொன்ன மூட்டை. ஒரு ஜாக்கெட்டை எடுத்து விரித்தேன். கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் ஜாக்கெட்டைக் கொண்டு வந்து அதன்மேல் வைத்தேன். தோள், கை, இடுப்பு எல்லாம் ஒன்றாக இருந்தன.

பிளேடை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நம்பராகப் பிரித்தேன். சங்கிலித் தையல் பிரிப்பதற்கு லேசு, முடிச்சை அறுத்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடும். நான் அழவில்லை. வேலை செய்கிற மாதிரிதான் செய்தேன். பதினோராவது உருப்படியில் இருந்தபோது அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள்.

முதுகில் இரண்டு அடி விழுந்தது. "பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க!"

"குன்னத்து வாத்தியாரு மவ எங்கம்மா?" என்று கேட்டேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னடி பண்ணுவேன். சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னா?"

அப்பா என்பாள், இல்லாவிட்டால் கோயில் சாமியார் என்பாள் என்று எதிர்பார்த்தேன். யாரை வெறுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அம்மா வாசற்படியைப் பார்த்தாள். அங்கே அக்கா இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "அவள அடிக்காதம்மா."

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அரியலூரில் ஒரு ராத்திரிதான் தங்கினாளாம். அங்கிருந்து அப்பாவோடு ரயிலில் தெற்கே போய் மடத்தைப் பார்த்து, அங்கேயே நாலு நாள் இருந்துவிட்டு வந்தாளாம்.

"ஒன்ன யாருக்கா போவச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா ஒரு மாசம் அழுதுச்சு. அப்பா வேணாம்னாரு. எனக்குப் புடிச்சிருக்கு பாப்பா. படிக்க வெக்கிறாங்க. நர்சுக்குப் படிக்கலாம். சாமியும் புடிச்சிருக்கு. இதெல்லாம் ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கடை?"

"கடைய நீ வெச்சுக்க."

"எப்பலேந்து தெரியும் ஒனக்கு?"

"ரெண்டு வருசமா நெனச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதுதான் என்னை அறுத்தது. போர்டு வரைந்தது அந்த வருஷம் சித்திரையில். அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எந்தப் பக்கம் மேஜை போடுவது என்று என்னோடு சண்டை போட்டாள், ஊசிக்கு ஓட்டை இல்லை என்றதும் அப்படிச் சிரித்தாள். மாமாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும், பலகாரம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே புதுப்பாவாடையோடு போன எனக்கு மட்டும் தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா அழுததத் தாங்கிட்டேன். நீ அழுதா போவ மாட்டேன். அதான்."

"அந்த நம்பர எதுக்கு என்னைத் தைக்கச் சொன்ன? அம்மாவத் தைக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஒங்கையால இருக்கட்டும்னு" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து அதை எழுதும்போது அது பிரியம்தான் என்று எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அது அப்படிக் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் என் கையை எடுத்து உபயோகித்துக்கொண்டதாகத்தான் கேட்டது. நாலின் முனை சரியாக வரவில்லை என்று பிரித்துப் பிரித்துப் போட்டேனே, அதையும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் அவள் புறப்படும் வரை ஆறு நாள் நான் அவளோடு பேசவில்லை. அம்மா மிஷினில் நம்பர் போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று அக்காவே ஊசியை எடுத்தாள். பிரிந்த பதினொன்றையும் அவளே தைத்தாள். நாலு ஒரு பக்கம் சாய்ந்தது, இரண்டு வாத்து மாதிரி இருந்தது. விரலில் குத்திக்கொண்டு வாயில் வைத்து உறிஞ்சுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாங்கித் தைத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவளும் கேட்கவில்லை.

இரண்டாம் தேதி காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அக்கா வந்து பாயில் உட்கார்ந்தாள். பவுடர் வாசனை வந்தது. தலையைத் தொடுவாள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். தொடவில்லை. "போயிட்டு வரேன் பாப்பா" என்றாள். இதுவும் பொய் என்று நினைத்தேன்.

பொங்கலுக்குத் துணி கேட்டு வந்தவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நாளைக்கு வாங்க" என்றால் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அதைச் சொல்ல வரவில்லை.

கடிதம் மாதம் ஒன்று வரும். மடத்தில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும். அனைவரும் நலமா, ஜெபிக்கிறேன், தங்கை நன்றாகப் படிக்கட்டும். அம்மா சத்தம் போட்டுப் படித்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். நான் வாங்க மாட்டேன். அம்மா வெளியில் போன பிறகு எடுத்துப் படிப்பேன். படித்துவிட்டு, அவளுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்துக்கொள்வேன். எழுதியதில்லை. மற்றவர்கள் படித்த பிறகு அவளுக்குப் போய்ச் சேருகிற கடிதத்தில் எதை எழுதுவது?

திருச்சிக்கு நான் போகவில்லை. பத்தாவது முடித்து அம்மாவோடு மிஷினில் உட்கார்ந்தேன். அக்கா போய் ஏழு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்டுக் கம்பெனியில் வேலை. பெண் பார்த்து, பேசி முடித்து, கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க ஏற்பாடாகி, ஜனவரியில் கல்யாணம் என்று தேதியும் வைத்தாயிற்று. இது எதையும் அக்காவுக்கு எழுதக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். "பத்திரிகை போவட்டும். அதப் பாத்து தெரிஞ்சுக்கட்டும்."

"என்னடி வன்மம் ஒனக்கு" என்றாள் அம்மா. ஆனால் எழுதவில்லை. ஒருமுறை அவளுக்காக என்னிடம் மறைத்தவள், இந்தமுறை எனக்காக அவளிடம் மறைத்தாள்.

பத்திரிகை போனது. கல்யாணத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் வந்து போகலாம் என்று பதில் வந்தது. இருபத்தேழாம் தேதி மத்தியானம் அக்கா வந்தாள். முழு வெள்ளையில், இன்னொரு சிஸ்டரோடு. அம்மா வாசலுக்கு ஓடி "வாங்க சிஸ்டர்" என்றாள். பெற்ற மகளை. அப்பா எழுந்து நின்றார். நான் "வாக்கா" என்றேன். கூட வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து அந்த சிஸ்டர் கண்ணயர்ந்த நேரத்தில் அக்கா அடுப்படிக்கு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். கை வேகம் கூடியிருந்தது. நர்ஸ் வேலை பார்க்கிற கை.

"பத்திரிகை வந்துச்சு" என்றாள்.

"ம்."

"மடத்துல மதர்தான் பிரிச்சாங்க. ஒங்க தங்கச்சிக்குக் கல்யாணமாமே, சொல்லவே இல்லியேன்னாங்க. ஆமா மதர், மறந்துட்டேன்னேன்." பிறகு கேட்டாள். "வேணும்னுதான் செஞ்சியா?"

"வேணும்னுதான்."

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அது எனக்குப் போதவில்லை. "அழுதியா?" என்று கேட்டேன்.

"அழுதேன்" என்றாள். "ரெண்டு நாளு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏழு வருஷமாகக் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. கிடைத்ததும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. முறத்திலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"மாப்ள எப்படி? பேசுவாரா?" என்றாள்.

சொன்னேன். அவர் பெண் பார்க்க வந்தபோது காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதை, அப்புறம் அம்மாவிடம் ஜாக்கெட் தைக்க என்ன கூலி என்று கேட்டதைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்று. வேறு யாரிடமும் நான் அவரைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தில் எனக்கு இருந்த பயத்தை அவளிடம் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் மறுநாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை வந்திருக்கிறாள், நானும் மடத்துக்குப் போயிருக்கிறேன், என் பிள்ளைகளை அவள்தான் திருச்சி ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அவளிடம் நிறையப் பேசுகிறேன். எல்லாவற்றையும் சொன்னதில்லை.